ஆறு வருஷம் தாங்கிய லேப்டாப், தாங்காத மூடி

"ரக்கட் லேப்டாப் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எப்படிடா இருக்கு உன்னோடது?" என்று நண்பன் கேட்ட நேரம் சரியில்லை. (ரக்கட் என்றால் அடி, மழை, தூசி தாங்கும்படி செய்த முரட்டு லேப்டாப்.) என்னுடையது அன்றைக்குத்தான் சர்வீஸிலிருந்து திரும்பியிருந்தது. சார்ஜிங் போர்ட் முழுக்க சிமென்ட் தூசி.

ஜெனரேட்டர், பம்ப் கண்ட்ரோலர்களை செட் பண்ணுவது என் வேலை. இந்த ஆறு வருஷத்தில் இது லாரி டிக்கியிலிருந்து விழுந்திருக்கிறது. மழையில் ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறது. ஒரு மூலை நசுங்கியதோடு சரி, வேலை நிற்கவில்லை. உச்சி வெயிலிலும் திரை பளிச்சென்று தெரியும். திரை வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் சொல்வார்கள்: சாதாரண லேப்டாப் 250, 300 நிட்ஸ், இது 1000. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திரைக்குள் எட்டிப் பார்க்கிற பிழைப்பு போயிற்று. எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்தப் பழைய 9 பின் சீரியல் போர்ட்தான். நேரே கேபிளைச் செருகினால் கண்ட்ரோலர் பேசுகிறது. யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் கன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

மூன்றரைக் கிலோ கனம். ஃபேன் கிடையாது, அதனால் வெயிலில் சூடேறி மந்தமாகிவிடும். இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன், புகாரில்லை.

புகார் எல்லாம் போர்ட்டுகளை அடைத்திருக்கும் அந்த ரப்பர் மூடிமேல்.

தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக் குறியீடாக ஐபி65 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். 6 என்றால் தூசி நுழையாது, 5 என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். எல்லா மூடியும் இறுக மூடியிருந்தால்தான் இந்தக் கணக்கு. கேபிள் செருக மூடியைத் திறந்தாக வேண்டும். நான் கேபிள் செருகுவது எங்கே? தூசி பறக்கிற சைட்டில்தான். ஏசி அறையில் மூடி பத்திரமாக மூடியே இருக்கிறது!

தினம் நாலைந்து தடவை திறந்து மூடும் மூடியைப் பிடித்திருப்பது நூல் போல ஒரு ரப்பர் பட்டை. மூன்றாம் வருஷமே வெடித்தது. இன்சுலேஷன் டேப் ஒட்டி ஓட்டினேன். மூடி மட்டும் தனியாகக் கிடைக்காதாம், அடிப்பாகத்தையே மாற்றணுமாம். பேட்டரியைக் கழற்றி வெளிச் சார்ஜரில் போட்டால் சார்ஜிங் மூடியைத் தொடவே வேண்டியதில்லை என்பது எனக்கு உறைக்க நாலு வருஷம் ஆனது, அது என் முட்டாள்தனம். ஆனால் சீரியல் மூடிக்கு அந்த வழியும் இல்லை.

விழுகிற சோதனை என்னமோ பிரமாதம்தான். 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 தடவை போடுவார்கள்: 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. (அந்த 26 தடவையும் ஒரே லேப்டாப்தான் விழணும் என்று கட்டாயமில்லை, ஐந்து லேப்டாப்கள் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். விளம்பரத்தில் இது வராது.) என்னுடையது ஆறு வருஷத்தில் மூன்று தடவை விழுந்தது. மூடியை எத்தனை ஆயிரம் தடவை திறந்திருப்பேன்? அதற்கு ஒரு சோதனை வைத்திருந்தால் இன்றைக்கு நான் இப்படிக் கத்தமாட்டேன்.

நண்பனிடம் "வாங்காதே" என்றுதான் சொன்னேன். "அப்போ நீ வேற மாத்தப்போறியா?" என்றான். எதற்கு மாற்ற வேண்டும்? இதே மாடல் பழசு யாராவது விற்றால் எனக்குச் சொல், மதர்போர்டு செத்திருந்தாலும் பரவாயில்லை, மூடிகள் முழுசாக இருந்தால் போதும் என்றேன்.