பால்காரரா, பாக்கெட்டா, பால் அட்டையா?

ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பில்லாத திடப்பொருள் 8.5 சதவீதம். ஆரஞ்சில் 6-ம் 9-ம். கூட்டினால் நீலத்தில் லிட்டருக்குச் சுமார் 115 கிராம் சரக்கு, ஆரஞ்சில் 150, மீதி தண்ணீர்தான். லிட்டர் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும்.

2022 நவம்பரில் ஆரஞ்சின் சில்லறை விலை 48 ரூபாயிலிருந்து 60 ஆனது. மாதப் பணம் கட்டி ஆவின் பால் அட்டை வாங்கியவர்களுக்கு 46 ரூபாயே நீடித்தது. அப்போது நீலம் 40. அந்த விலையில், ஒரு ரூபாய்க்குக் கடை ஆரஞ்சில் 2.5 கிராம் சரக்கு, நீலத்தில் 2.9, அட்டை ஆரஞ்சில் 3.3. அட்டைதான் லாபம், சந்தேகமே இல்லை. ஆனால் மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும். ஊருக்குப் போகிற நாளுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். விடிகாலையில் டெப்போவுக்குப் போய்வர ஆள் இல்லாத வீட்டுக்கு அட்டை சரிப்படாது.

பால்காரரிடம் இந்தத் தொல்லை இல்லை. வாசலுக்கே வருவார், விருந்தாளி வந்தால் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுவார், காலண்டரில் குறித்து மாசக் கடைசியில் வாங்கிக்கொள்வார். பல வீடுகள் அவரை விடாததற்கு, பாலின் ருசியைவிட இந்தக் கடன் வசதிதான் காரணம் என்பேன். அவரிடம் கவனிக்க வேண்டியது நுரை. கறந்த சூட்டில் உயரத்திலிருந்து ஊற்றினால் அளவுக் குவளையின் மேல்பகுதி வெறும் நுரையாக நிற்கும். அது அடங்கியதும் பாத்திரத்தில் பால் குறைவாகத்தான் இருக்கும். நுரை அடங்கவிட்டு அளக்கச் சொல்லுங்கள். குவளையில் ஒடுக்கு விழுந்திருந்தாலும் நஷ்டம் நமக்குத்தான்.

பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டர் வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி குறையும், ஆடையை எடுத்துவிட்டால் கூடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கருவி 'சுத்தமான பால்' என்றே காட்டும். பால் சூடாக இருந்தாலும் அளவு மாறும். மாவு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம்: கொஞ்சம் பாலைக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள், நீலம் பாரித்தால் மாவு இருக்கிறது. கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கவே கூடாது. முதல்நாள் ராத்திரிப் பாலைக் காலைப் பாலோடு கலந்திருந்தால் அடுப்பில் திரிந்துபோகலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி மட்டும் தனியாகக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

பாக்கெட் பால் 72 டிகிரியில் 15 விநாடி சூடேற்றிக் குளிர்வித்து வருகிறது. அது கெடுவது பெரும்பாலும் அதன்பிறகுதான், கடைவாசலில் கிரேட்டோடு வெயிலில் கிடக்கும் நேரத்தில். தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும்; உப்பியிருந்தால் தொடாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்த செலவென்று சில கடைகளில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒன்றிரண்டு ரூபாய் கேட்பார்கள், தரவேண்டியதில்லை.

பிரிக்கும்வரை ஃப்ரிட்ஜ் தேவைப்படாத டெட்ரா பேக் பால் பயணத்துக்கும் மழைக்காலக் கையிருப்புக்கும் சரி. பிரித்தபின் ஃப்ரிட்ஜில்தான் வைக்கவேண்டும். அதில் தயிர் கெட்டியாக உறையாது.

தயிர் அதிகம் செலவாகிற வீட்டுக்கு 4.5 சதவீதக் கொழுப்புக்குக் குறையாத பால் வேண்டும். ஹோமோஜினைஸ் செய்த பாக்கெட்டில் கொழுப்புத் துளிகள் நுணுக்கப்பட்டிருப்பதால் ஆடை மெல்லியதாகவே படியும். வெண்ணெய் எடுக்கிறவர்கள் பால்காரரிடம் எருமைப்பாலாகக் கேட்டு வாங்குவதே மேல். காப்பிக்கு மட்டும் என்றால் நீலமே போதும், டிகாஷனைக் கெட்டியாக இறக்கிக்கொள்ளுங்கள்.