“கறுக்கவே கறுக்காது” என்று வாங்கிய 18,500 ரூபாய்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நான்கு வயதான என் மகள் பாணைக் கடித்தபோது அவளுடைய முன்பல் அடைப்பு கழன்று தட்டில் விழுந்தது. அடைத்து ஒன்பதே நாட்கள். அரிசி மணியளவான அந்த வெள்ளைத் துண்டை எடுத்துவிட்டு வாயைத் திறந்து பார்த்தால், உள்ளே பல் கரியாக இருந்தது.

திருகோணமலை நகரிலுள்ள ஒரு தனியார் பற்சிகிச்சை நிலையத்தில், மூன்று சூத்தைப் பற்களுக்காக 18,500 ரூபாய் கட்டியிருந்தேன். சூத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டயமின் புளோரைட்டு என்ற மருந்து, சிதைந்த பகுதியைக் கறுப்பாக்கிவிடும் என்பதை நான் முன்பே அறிந்திருந்ததால், அதைப் பூசினால் பல் கறுக்குமா என்றுதான் முதலில் கேட்டேன். மருத்துவர் மகளின் தலையைத் தடவி, “மேலே இன்னொரு மருந்து பூசுவோம் அம்மா, கறுக்கவே கறுக்காது, அடைப்பும் கல் மாதிரி நிற்கும்” என்றார். குழந்தையிடம் அவர் காட்டிய அந்தப் பரிவில் மயங்கித்தான், வேறொன்றும் கேட்காமல் பணத்தைக் கொடுத்தேன்.

இரண்டாவது மருந்து பொற்றாசியம் அயடைட்டு. பூசியவுடன் பல்லின் மேல் பால்போல வெண்மையாகத் திரண்டது. மகளை மடியில் வைத்திருந்த நான் அருகிலிருந்தே பார்த்தேன்: அதைக் கழுவவில்லை, துடைக்கவுமில்லை, அதன் மேலேயே அடைப்பை வைத்தார்கள்.

ஞாயிறு மதியம் தொலைபேசியில் அழைத்தபோது, “டொக்டர் கொழும்புக்குப் போயிட்டார் அக்கா” என்றார்கள். மறுநாள் நேரில் சென்றதற்கு, பிள்ளை கடினமானதைக் கடித்திருக்கும் என்றார்கள். பாண் கடினமானதா? மூன்றாம் முறை சென்றபோது, மீண்டும் அடைக்கப் புதிதாகப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். 18,500 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டில் “சிகிச்சை” என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

இன்று காலை அரச வைத்தியசாலையில் மகளைக் காட்டினேன். அங்கே ஒரு சதமும் கேட்கவில்லை. முதல் மருந்திலுள்ள வெள்ளியோடு (சில்வர்) அயடைட்டு சேர்வதால் உண்டாகும் அந்த வெண்படிவைத் தெளியும்வரை அகற்றி, நன்றாகக் கழுவி உலர்த்திய பின்னரே அடைக்க வேண்டும் என்றும், மீதி தங்கினால் அடைப்பின் பிடிப்புக் குறையக்கூடும் என்றும் அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அயடைட்டு கறுப்பைக் குறைக்குமே தவிர முற்றாகத் தடுக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாதாம். நாட்பட மீண்டும் கறுக்கலாமாம். கறுத்து இறுகிய பகுதி சூத்தை நின்றதன் அடையாளம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் “கறுக்கவே கறுக்காது” என்ற வாக்குக்கு என்ன பெயர்?

பிள்ளைகளைக் கூட்டிச் செல்வோர், பூசும் மருந்துகளின் பெயர்களைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கழுவி உலர்த்திய பின்னரா அடைக்கிறார்கள் என்று கேளுங்கள். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், தைரொயிட்டு நோய் உள்ளவர்களும் அயடைட்டுப் பூசுவதற்கு முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள்.

படம் எடுக்கக் கூப்பிட்டால் மகள் இப்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். அந்த 18,500 ரூபாயைக் கேட்டு இன்று மாலையும் அழைத்தேன், தொலைபேசியை எடுக்கவில்லை.