அங்கோர் வாட்டா, பாயோனா?

கம்போடியாவின் சியம் ரீப்புக்கு ஒரு நாள் கணக்கில் போகிறவர்கள் காலைப் பொழுது முழுவதையும் அங்கோர் வாட் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, உச்சி வெயிலில் பாயோன் கோயிலை அவசரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்புகிறார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டர்தான். ஆனால் கட்டப்பட்ட காலத்தில் இரண்டு தலைமுறை இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் தலைநகரே பறிபோய் மீண்டிருக்கிறது. அது தெரியாமல் பார்த்தால் முதல் கோயில் அழகாகவும் இரண்டாவது வெறும் கற்குவியலாகவும்தான் படும்.

அங்கோர் வாட் 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூர்யவர்மன் திருமாலுக்கு எழுப்பியது. 190 மீட்டர் அகல அகழி, அதற்குள் மதில், மதிலுக்குள் ஒன்றைவிட ஒன்று உயரும் மூன்று சுற்று மண்டபங்கள், உச்சியில் மேருவின் சிகரங்களாக ஐந்து கோபுரங்கள். நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர். மணற்கல் குலன் மலை அடிவாரத்திலிருந்து வந்தது; உள்ளே நிரப்பியது செம்புரைக்கல். கம்போடியாவின் கெமர் இனச் சிற்பிகள் வளைவுக் கூரை கட்டவில்லை. இருபுறமும் கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீட்டி அடுக்கி உச்சியில் சேர்த்தார்கள். அதனால் மண்டபங்களை அதிக அகலமாக்க முடியாது. அந்தக் குறையை நீளத்தால் ஈடுகட்டிய சாமர்த்தியம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அகலம் குறைந்த நடை நூறு மீட்டருக்கு மேல் நேராக ஓடும்போது அதன் ஒடுக்கமே கம்பீரமாகிவிடுகிறது.

பெரும்பாலான கெமர் கோயில்கள் கிழக்கு நோக்க, இது மேற்கு நோக்குகிறது. மேற்கு திருமாலுக்குரிய திசை என்பார்கள் ஒரு சாரார். புடைப்புச் சிற்பங்களின் வரிசை, ஈமச் சடங்கில் சுற்றுவதுபோல், இடஞ்சுற்றாகப் போவதைக் காட்டி, இது அரசனின் ஈமக் கோயில் என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இறந்தபின் அவனுக்கு வழங்கிய பெயரே பரமவிஷ்ணுலோகன்.

அவனுக்குப் பின் நாடு தளர்ந்தது. 1177-ல், இன்றைய வியட்நாமின் நடு, தென் பகுதிகளில் இருந்த சம்பா நாட்டின் படை நீர்வழியே வந்து தலைநகரைச் சூறையாடியதாகச் சீன ஆவணம் சொல்கிறது. பகைவரை விரட்டி 1181-ல் முடிசூடிய ஏழாம் ஜெயவர்மன் மகாயான பௌத்தன். அங்கோர் தோம் என்ற மதில் நகரை அமைத்து, அதன் நட்டநடுவில் அவன் கட்டியதுதான் பாயோன். அதற்கெனத் தனி மதிலோ அகழியோ கிடையாது. பக்கத்துக்கு 3 கிலோமீட்டர் ஓடும், 8 மீட்டர் உயர நகர மதிலே கோயிலுக்கும் மதில்.

திட்டத்தின் தெளிவில் அங்கோர் வாட்டோடு பாயோன் போட்டியிட முடியாது. முதலில் சிலுவை வடிவில் இருந்த மண்டபத்தின் மூலைகளை நிரப்பி நீள்சதுரமாக்கினார்கள். நடுவில் வட்டமான பெருங்கோபுரத்தை உயர்த்தினார்கள். வெளிச்சுற்றைக் கடைசியில் சேர்த்தார்கள். இருட்டும் நெருக்கடியுமான சந்துகளில் திசை தப்பி, மேல்தளத்துக்கு ஏறியதும் நான்கு பக்கமும் கல் முகங்கள் சூழ்ந்துகொள்கின்றன. மூடிய இமைகளும் புன்னகையுமாக ஏறத்தாழ 200 முகங்கள். மகாயான பௌத்தத்தின் கருணை வடிவான போதிசத்துவர் அவலோகிதேஸ்வரரா, அரசனே அந்த வடிவிலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் வந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை 9-ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில் என்று நம்பினார்கள். பின்னாளில் கட்டிய சுவருக்குப் பின்னால் மறைந்திருந்த முகப்பு ஒன்றில் 1925-ல் அவலோகிதேஸ்வரர் உருவம் வெளிப்பட்டது. 1928-ல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் கல்வெட்டுகளைக் கொண்டு இது ஏழாம் ஜெயவர்மன் கட்டியது என நிறுவினார். 1933-ல் நடுக்கோபுரத்தின் அடியிலிருந்த குழியில் உடைந்து கிடந்த பெரிய புத்தர் சிலை கிடைத்தது. பின்வந்த சைவச் சார்புள்ள ஆட்சியில் உடைத்துப் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள்.

இரண்டு கோயில்களும் உண்மையில் மோதிக்கொள்ளும் இடம் புடைப்புச் சிற்பங்கள். அங்கோர் வாட்டின் சுவர்களில் குருக்ஷேத்திரம், இலங்கைப் போர், யமனின் தீர்ப்பு, 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரை உடனே அடையாளம் காணலாம். கோடுகள் அத்தனை நுட்பம். ஆனால் கிழக்குப் பக்கத்தின் வட பாதியில் சட்டென்று செதுக்கு வேலை முரடாகிவிடும். அந்தப் பகுதி 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கியது.

பாயோனின் வெளிச்சுற்றில் உளி அவ்வளவு மென்மையாக இல்லை, சில இடங்கள் முடியவே இல்லை. ஆனாலும் நான் நின்று நின்று பார்ப்பது இங்கேதான். சம்பாவுடன் நடந்த படகுப் போரில் தண்ணீரில் விழுந்தவனை முதலை கவ்வுகிறது. அதற்குக் கீழே சந்தை, சேவற்சண்டை, அடுப்பில் கொப்பரை, பிரசவ வேதனையில் ஒரு பெண். போருக்குப் போகும் படையின் பின்னால் மாட்டுவண்டியும் பெண்களும். சூர்யவர்மன் அரசவையையும் படைத்தலைவர்களையும் செதுக்கினான்; குடிமக்களுக்குச் சுவரில் இவ்வளவு இடம் கொடுத்தவன் ஜெயவர்மன். குடிகளின் நோய் தன் நோயைவிட அரசனை வருத்தியது என்று அவன் மருத்துவமனைக் கல்வெட்டுகள் சொல்வதை வெறும் புகழ்மொழியாக ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இந்தச் சுவர்களும் காரணம்.

கட்டடமாக மதிப்பிட்டால் அங்கோர் வாட்டுக்கே முதலிடம், அதில் எனக்குத் தயக்கமில்லை. அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறியப் பாயோனை விட்டால் வேறு இடமில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமென்றால் நான் பாயோனுக்குப் போவேன்.

ஒரு நாள் இருந்தால் வழக்கமான வரிசையைத் திருப்பிப் போடுங்கள். காலையில் கதவு திறந்ததும் பாயோன். வெளிச்சுற்றின் கூரை விழுந்துவிட்டதால் சாய்வெயில் சிற்பங்களின் மேல் நேராகப் படும். அங்கோர் வாட்டுக்குப் பிற்பகல்தான் பொருத்தம். விடியலில் நிழலுருவாக மட்டும் தெரியும் மேற்கு முகப்பு அப்போது முழு வெளிச்சத்தில் இருக்கும். உச்சித் தளத்துக்கு ஏறத் தோளும் முழங்காலும் மறைய உடுத்தியிருக்க வேண்டும். பௌத்தப் புனித நாட்களில் அந்தத் தளம் மூடியிருக்கும் என்பதால் தேதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.