தரங்கம்பாடியில் அம்மாவின் பெயரைத் தேடிய நான்கு நாட்கள்

"அந்த வருஷத்துப் பதிவேடு இல்லை சார், சுனாமியில் போயிருக்கும்" என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னபோது, எனக்குக் கோபத்தைவிட வேதனைதான் முதலில் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கடற்கரைத் தெருவில் என்ன போயிற்று என்று ஒரு பட்டியலே என் மனத்தில் இருக்கிறது. அதில் என் அத்தையும் அத்தையின் பேரனும் இருக்கிறார்கள். ஆனால் கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியிருக்கும் அந்த அலுவலகத்துக்குள் அன்று தண்ணீர் நுழையவே இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். செத்துப்போனவர்களைக் காரணமாகக் காட்டி ஓர் அலமாரியைத் திறக்காமல் இருந்துவிட முடியும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அது எந்த அலுவலகம், அவர் யார் என்பதை நான் எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கோபன்ஹேகனில் என்னோடு வந்து தங்கியிருக்கும் அம்மாவின் வதிவிட விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அம்மா பிறந்தது 1948இல், தரங்கம்பாடியில். ஜாதகம் இருக்கிறது, கடவுச்சீட்டு இருக்கிறது, ஆனால் பிறப்புச் சான்றிதழ் இதுவரை ஒருவரும் வாங்கியதில்லை, வாங்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கையோடு வாங்கி வந்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். டென்மார்க்கின் பெரும்பகுதியில் குழந்தை பிறந்ததைப் பதிவு செய்வது அந்தந்தப் பங்குத் தேவாலயத்தின் அலுவலகம். அந்தக் குடும்பத்தின் மதம் எதுவாக இருந்தாலும் பதிவு அங்கேதான். அந்தத் தேவாலயங்களின் பழைய பிறப்பு ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஒரு டேனிஷ்காரர் மதிய உணவு இடைவேளையில் தன் கொள்ளுப்பாட்டனுடைய பாட்டனின் ஞானஸ்நானப் பதிவை எனக்குத் திரையில் திறந்து காட்டியிருக்கிறார். பதினைந்து வருடம் அங்கே வாழ்ந்ததில் இதெல்லாம் இயல்பாகக் கிடைக்கவேண்டியவை என்ற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது.

முதல் நாள், மனு எழுதுபவரைப் பிடித்து, ஜெராக்ஸ் எடுத்து, சொன்ன மேசையில் கொடுத்தேன். அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள். அந்த மேசைக்காரர் அன்று விடுப்பு. இரண்டாம் நாள் அவர் வந்திருந்தார். ஜாதகத்தில் இருந்து கணித்த தேதியை வாங்கிக்கொண்டு, ஆகஸ்ட் கடைசி வாரத்துப் பக்கங்களை மட்டும் புரட்டிவிட்டு, "பதிவு இல்லை" என்று எழுதித் தந்துவிடலாமா என்று கேட்டார். அப்படி ஒரு தாள் அங்கே பயன்படாது என்று நான் மன்றாடினேன். மூன்றாம் நாள்தான் அந்தச் சுனாமிப் பதில் வந்தது, முந்தின நாள் அவர்களே என் கண்முன்னால் புரட்டிய அதே பதிவேட்டைப் பற்றி.

அன்று மதியம் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஊருக்குள் நடந்து, டேனிஷ் மன்னரின் முத்திரை பொறித்த நுழைவாயிலைத் தாண்டி, ராஜா தெரு வழியாகக் கோட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். 1792இல் எழுப்பிய அந்த வாயிலும், 1701இல் கட்டிய சீயோன் தேவாலயமும், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் கட்டி 1718இல் படைத்த புதிய எருசலேம் ஆலயமும் சுண்ணாம்பு பூசிப் பளிச்சென்று இருக்கின்றன. ஆளுநரின் மாளிகையையும் புதுப்பித்திருக்கிறார்கள். சிறுவனாக இருந்தபோது இடிந்து கிடந்த சுவர்கள் இன்று நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து மனம் நிறைந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் அன்று அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது வேறொரு கணக்கு மனத்தில் ஓடியது.

இந்தக் கோட்டை நின்ற கதை நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாகத்தான் தெரியும். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இந்த மீனவ ஊரை விட்டுக்கொடுத்தார். அவர்களுடைய முதல் கப்பல் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கீசியரின் தாக்குதலில் அழிந்தது. தப்பிப் பிழைத்த அதன் தலைவர் ரோலண்ட் க்ராப்பே நாயக்கரின் அரண்மனையைச் சேர்ந்தார், பின்னால் டேனிஷ் தளபதி ஓவே கெட்டே வந்து உடன்படிக்கை முடித்தார். டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. டேனிஷ் கடல்வணிகக் கும்பினிகளின் ஆவணங்கள் மொத்தத்தையும் 1997இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்த ஆவணங்களில் இருந்து வரலாற்றாசிரியர்கள் எடுத்துச் சொல்லும் ஒரு செய்தி என்னை எப்போதும் விடாமல் பிடித்துக்கொள்ளும். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க் தன் போர்களில் மூழ்கிப்போய் இந்த ஊரை ஏறக்குறைய மறந்தே விட்டது; கப்பல்கள் வரவில்லை; இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். 1655 முதல் 1669 வரை தரங்கம்பாடியில் எஞ்சியிருந்த ஒரே டேனிஷ்காரர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்பவர். பதினான்கு வருடம் உள்ளூர்க்காரர்களின் துணையோடு அவர் கோட்டையைக் காத்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், 1669இல் ஒரு போர்க்கப்பல் வந்து அவருடைய பதவியை உறுதி செய்யும் வரை தாக்குப்பிடித்தார். அந்த ஊரில் டேனிஷ் மக்கள்தொகை ஒன்றாக இருந்த காலம் அது. அந்த ஒருவரின் முழுப்பெயர் நமக்குத் தெரியும். அவரோடு மதிலில் நின்றவர்களும், அந்த மதிலுக்குக் கல் சுமந்தவர்களும், கோட்டைக்குச் சோறு போட்டவர்களும் எத்தனை பேர், அவர்களுடைய பெயர் என்ன?

நான் கேட்பது டேனிஷ்காரர்களைக் குறை சொல்வதற்காக அல்ல. தங்களுடைய ஆளின் பெயரை அவர்கள் முந்நூற்றைம்பது வருடமாகத் தொலைக்காமல் வைத்திருக்கிறார்கள். நம்முடைய ஆட்களின் பெயரை வைத்திருக்கவேண்டியவர்கள் நாம்தான். அவர்கள் வருவதற்கு முந்நூறு வருடத்துக்கு முன்பே, 1306இல், குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில் அதே கடற்கரையில் அலையில் பாதி கரைந்து நின்றது. அதன் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. கல்லில் வெட்டத் தெரிந்த நமக்கு, காகிதத்தில் எழுதியதைக் காக்க மட்டும் ஏன் மனம் வரவில்லை?

1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். சில காலம் தஞ்சை மாவட்டத்தின் கலெக்டர் இங்கேதான் இருந்தார். 1860இல் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போயிற்று, நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுக வணிகமும் அந்தப் பக்கம் போயிற்று. எங்கள் ஊருக்கு மாயவரத்திலிருந்து ரயில் வந்ததே 1926இல்தான். அதையும் 1986இல் நிறுத்திவிட்டார்கள். ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று நின்று நின்று வந்த அந்த வண்டியில் அம்மா மாயவரம் போய்வந்த கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். 2001 கணக்கெடுப்பில் தரங்கம்பாடிப் பேரூராட்சியின் மக்கள்தொகை 20,841. அடுத்த கணக்கெடுப்பில் 23,000-ஐத் தாண்டியது. பொறையாறும் சேர்ந்த எண்ணிக்கை அது. சுதந்திர இந்தியாவின் முதல் கணக்கெடுப்பு 1951இல் நடந்தபோது அம்மாவுக்கு இரண்டரை வயது. எண்ணிக்கையில் அம்மா ஒன்றாக நிச்சயம் சேர்ந்திருப்பாள். அவளுடைய பெயர் எழுதிய தாளைத்தான் காணோம்.

நான்காம் நாள் காலை, இனி வக்கீலைப் பார்ப்பது என்ற முடிவோடு மனுவைத் திரும்ப வாங்கப் போனேன். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். பதிவறையில் முப்பது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கையெழுத்தைப் படிக்க ஆள் தேவைப்படும்போது இப்போதும் கூப்பிடுகிறார்களாம். அவருக்காக யாரும் நாற்காலி போட்டுவைக்கவில்லை, சம்பளமும் இல்லை. என் மனுவைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, முதல் கேள்வியாக அவர் கேட்டது, மூன்று நாளில் ஒருவரும் கேட்காதது.

"தம்பி, உங்க அம்மா அவங்க பாட்டிக்கு முதல் பேத்தியா?"

"ஆமாங்க ஐயா. அம்மாதான் தலைப்பிள்ளை."

"அப்போ பிரசவம் தாய்வீட்டில். உங்க பாட்டிக்குத் தாய்வீடு எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே விளக்கினார். நான் எழுதிக் கொடுத்தது தாத்தாவின் வீட்டு முகவரி. ஆனால் அந்த நாளில் பிறப்பு நடந்த தெருவின்படிதான் ஏட்டைப் பிரித்தார்கள், எனவே இவர்கள் பார்த்த ஏடே வேறு. அதோடு, பிறந்த நாளின் வரிசையில் எழுதவில்லை, வந்து சொன்ன நாளின் வரிசையில்தான் எழுதினார்கள். தலைப்பிரசவ வீட்டில் ஆண்கள் வேலை முடிந்து, மழை விட்டு, சொல்லவேண்டும் என்று நினைவு வரும்போதுதான் போய்ச் சொல்வார்கள். ஆகவே ஆகஸ்டில் பிறந்த குழந்தையைச் செப்டம்பர் பக்கங்களில் தேடவேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் இருந்து ஒரு சிறு நோட்டை எடுத்தார். எந்தத் தெருவின் எந்த வருடத்து ஏடு எந்த அலமாரியில், எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று அவரே தன் கையால் எழுதி வைத்திருந்த அட்டவணை அது. அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே அட்டவணை ஓய்வு பெற்ற ஒருவரின் சட்டைப் பையில் இருந்தது.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஓரம் நொறுங்கிப் பழுப்பேறிய ஏட்டை அவர் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தாங்கி எடுத்து வந்து, விரலால் எச்சில் தொடாமல், ஒரு மட்டப்பலகையை அடியில் கொடுத்துத் தாளைத் திருப்பினார். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இருந்தது. தாத்தாவின் பெயர், பாட்டியின் பெயர், பாட்டியின் தகப்பனார் வந்து சொன்னதாக அவருடைய கையெழுத்து. பால் என்ற இடத்தில் "பெண்". குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும்.

நான் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுப் பெரியவர் சொன்னார்: "எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் தம்பி இருக்கும். பெயர் சூட்டுறதுக்கு முன்னாடியே வந்து எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் வந்து பெயர் சேர்க்கணும்னு யாருக்கும் தோணாது." பக்கத்தை மேலும் கீழும் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே கோடுதான். ஒரு தெருவில் ஒரு மாதத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் ஆண், பெண் என்று மட்டும் நின்றார்கள்.

பெயர் சேர்ப்பதற்குத் தனி விண்ணப்பம், பள்ளிச் சான்றிதழின் நகல், உறுதிமொழிப் பத்திரம் என்று அடுத்த இரண்டு நாளும் ஓடின. அவை வழக்கம்போல் நடந்தன, எழுத ஒன்றுமில்லை. அந்தப் பெரியவருக்கு ஏதாவது தரவேண்டும் என்று பணத்தை எடுத்தபோது அவர் கையை மூடிவிட்டார். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டார். அந்த நோட்டைப் படமெடுத்து, அதைப்போல இன்னும் இரண்டு படி செய்து, ஒன்றை அலுவலகத்திலும் ஒன்றை வேறு எங்காவதும் வைக்கும்படி வழி செய்ய முடியுமா என்று கேட்டார். தன் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது என்றும், தனக்குப் பிறகு அந்த எழுத்தைப் படிக்க அங்கே ஆள் இல்லை என்றும் சொன்னார்.

ராஜா தெரு முனையில் இருந்த ஜெராக்ஸ் கடையில் அந்த நோட்டின் தொண்ணூற்றிரண்டு பக்கங்களையும் அன்று மாலையே படியெடுத்தோம். ஒரு படியை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினார். மூன்றாவது என்னோடு கோபன்ஹேகனுக்கு வந்திருக்கிறது. இனி அந்த ஏடுகளையும் படமெடுக்க அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதே ஊரைச் சேர்ந்த இன்னும் நான்கு குடும்பங்களின் கையெழுத்தோடு.

அம்மாவிடம் சான்றிதழைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். தன் பெயரைவிட்டு, தகவல் கொடுத்தவர் என்று நான் கைப்பேசியில் எடுத்து வந்திருந்த கையெழுத்துப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். "அது பாட்டியோட அப்பாம்மா" என்றேன். "தெரியும்டா, என்னோட தாத்தா" என்றாள். "அவர் கையெழுத்துப் போடுவார்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."