சமூகத் தோட்டத்துக்கு எந்தப் பணம் தாங்கும்?

நல்ல காய்கறி வாங்கப் பேருந்து ஏற வேண்டிய குடியிருப்பு. நடுவில் ஒரு காலி மனை. தோட்டம் போடலாம் என்று பத்துப் பேர் கூடிவிட்டால் அடுத்த கேள்வி பணம்தான். வழக்கமாக மூன்று வழிகள் இருக்கின்றன: ஒரே தடவையாகக் கிடைக்கும் மானியம், தோட்டக்காரர்கள் போடும் சந்தா, நகர நிர்வாகம் ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதி.

மானியம் வந்தால் வேலி, கருவிகள், உரம் எல்லாம் முதல் மாதத்திலேயே வந்து இறங்கிவிடும். நகர மண்ணில் பழைய பெயின்ட்டாலும் வாகனப் புகையாலும் ஈயம் தங்கியிருக்கக்கூடும். அதனால் மண்ணைச் சோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் நல்ல மண் கொட்டிப் பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டும். இப்படிப்பட்ட தொடக்கச் செலவுக்கு மானியம் சரி. அப்புறம்? மூன்றாம் ஆண்டில் குழாய் உடையும். முன்னின்று நடத்தியவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். மானியம் தருபவர்கள் பொருள் வாங்கக் கொடுப்பார்கள், ஆள் சம்பளம் என்றால் தயங்குவார்கள். பாத்தி பிரித்துக் கொடுக்கவும், தண்ணீர் முறை வைக்கவும், சண்டை தீர்க்கவும் பகுதிநேரமாகவாவது ஒருவர் இல்லாத தோட்டத்தில் களைதான் மண்டும்.

சந்தா போட்டவருக்குத் தோட்டம் தன்னுடையது என்ற எண்ணம் வரும். ஆனால் காய்கறி எட்டாதவர்களுக்குத்தான் சந்தாவும் எட்டாது. சந்தாவை மட்டும் நம்பிய தோட்டம் மெல்ல வசதியுள்ளவர்கள் கைக்குப் போய்விடும் என்பது என் கவலை. சியாட்டில் நகரில் 1973இல் தொடங்கிய 'பி-பேட்ச்' திட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பாத்திக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, கட்ட முடியாதவர்களுக்கு உதவியும் உண்டு. விளைச்சலில் ஒரு பகுதி, இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் உணவு வங்கிகளுக்குப் போகிறது. இத்தனைக்கும் பின்னால் நகர நிர்வாகத்தின் ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றில் நான் நம்புவது நகர நிதியைத்தான். அர்ஜென்டினாவில் 2001இல் பொருளாதாரம் நொறுங்கியபோது, ரொசாரியோ நகராட்சி அடுத்த ஆண்டே நகர வேளாண்மைத் திட்டத்தைத் தொடங்கியது. சும்மா கிடந்த நிலத்தைப் பயிரிடத் தந்து, விதை, பயிற்சி, விற்கச் சந்தை என்று எல்லாவற்றுக்கும் துணை நின்றது. நியூயார்க் நகர நிர்வாகத்தின் 'கிரீன்தம்ப்' என்ற சமூகத் தோட்டத் திட்டம் 1978இல் தொடங்கி இன்று 500க்கும் மேற்பட்ட தோட்டங்களுக்கு உதவுகிறது.

அதே நியூயார்க்கில்தான் 1999இல் நகர நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்ட மனைகளை ஏலம் விடப் பார்த்தது. இரண்டு அமைப்புகள் கடைசி நேரத்தில் சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதால் அவை பிழைத்தன. லாஸ் ஏஞ்சல்ஸில் அப்படி யாராலும் காப்பாற்ற முடியவில்லை. அங்கே ஏறத்தாழ 14 ஏக்கரில் பல நூறு குடும்பங்கள் பயிர்செய்த தோட்டத்திலிருந்து 2006இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நகர நிதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மனை யார் பெயரில் இருக்கிறது என்பதை அது மாற்றிவிடாது.

இந்த இடத்தில் பிரிட்டனில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி மக்களிடம் தேவை இருந்தால் உள்ளாட்சி தோட்ட நிலம் ஏற்பாடு செய்தாக வேண்டும். இதற்கென்றே வைத்திருக்கும் நிலத்தை விற்க 1925 முதல் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். காத்திருப்போர் பட்டியல் பல ஊர்களில் நீளமாக இருப்பது உண்மை. கிடைத்த நிலம் எளிதில் பறிபோகாது என்பதும் உண்மை.

ஒன்றை மறைக்கக்கூடாது. தோட்டம் கீரையும் காயும் தரும், வயிறு நிறையத் தானியம் தராது. விதைத்து அறுவடை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இந்த மாதமே பட்டினி கிடக்கும் வீட்டுக்குச் சமைத்த உணவோ உணவுக்கான பணமோதான் உதவும். அந்த நிதியில் கைவைத்துத் தோட்டம் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

தோட்டத்துக்கென்றே ஒரு தொகை ஒதுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால், முதலில் பத்து ஆண்டுக்குக் குறையாத குத்தகையை எழுத்தில் வாங்குவேன். அடுத்தது மண் சோதனையும் தண்ணீர் இணைப்பும். அதற்கடுத்து ஒருங்கிணைப்பாளரின் மூன்று ஆண்டுச் சம்பளம். அழகான வாசல் வளைவும் பெயர்ப்பலகையும் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.