எட்டு மணி நேரப் புகைக்குக் கொய்யாவா, சீக்கல்பொஸ்ஸா? மின் ஸ்மோக்கருக்கான விறகு அலசல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் வீடுகளில் விறகைப் பற்றிய மதிப்பீடு முழுவதும், கங்கில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பிலிருந்து வந்தது. கங்கு எவ்வளவு நேரம் சூடாக நிற்கிறது என்பதே அங்கே அளவுகோல் என்பதால், சீக்கல்பொஸ் எப்போதும் முதலிடத்தில் இருக்கிறது. இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் பெட்டியான மின் ஸ்மோக்கரில் அந்த அளவுகோல் செல்லாது. அங்கே வெப்பத்தைத் தருவது கம்பிச்சுருள். விறகின் வேலை புகை தருவது மட்டுமே.

சீக்கல்பொஸ், தமிழ்நாட்டில் விடத்தேரை என்று அழைக்கப்படும் அதே மரம்தான். கட்டை மிக அடர்த்தியானது, புகை கனமானது. ஆட்டின் முன்சப்பையை மிளகாய் மசாலா தடவி எட்டு மணி நேரம் வைக்கும்போது, அந்தக் கனம் மசாலாவின் காரத்தோடு சேர்ந்து கசப்பாக மாறிவிடுவதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். கொய்யாவின் புகை மென்மையானது, லேசான இனிப்பு கொண்டது. டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் வேலியோரங்களிலும் காலி நிலங்களிலும் தானாகவே முளைத்துக் கிடக்கும் மரம் என்பதால், கிளைகளை வெட்டிக் கூரைக்கு அடியில் சில மாதங்கள் காயவைத்தால் செலவும் இல்லை. நீண்ட நேரப் புகைக்கு என் தேர்வு கொய்யாவே. பிசின் மிகுந்த பைன் மரத்தையும் தைலமரத்தையும் தவிர்க்க வேண்டும். தம்போட்டி என்ற இங்கத்திய நச்சு மரத்தின் புகை பட்ட இறைச்சி நஞ்சாகும் என்பதால், எந்த மரம் என்று தெரியாத கட்டையைத் தொடவே கூடாது.

மரத்தைவிட அதை எப்படி இடுகிறோம் என்பதே கடினமான கேள்வி. கம்பிச்சுருளுக்கு மேல் உள்ள தட்டில் மரச்சில்லுகளை இடுவது பழகிய முறை. பெட்டி 110 டிகிரி செல்சியஸை எட்டியதும் வெப்பச்சீராக்கி சுருளை அணைத்துவிடுகிறது. நன்றாகக் காப்பிடப்பட்ட பெட்டியில் சுருள் நெடுநேரம் அணைந்தே இருப்பதால், தட்டில் சில்லு மீதமிருந்தும் புகை நின்றுபோகிறது. இதைச் சரிசெய்ய எண்ணித் தொடக்கத்தில் நான் தட்டை நிரப்பி வைத்தேன். எல்லாம் ஒன்றாகப் புகைந்து, அடர்ந்த வெண்புகை இறைச்சியில் கரிப்பிசினாகப் படிந்தது. இப்போது ஒரு கைப்பிடி காய்ந்த சில்லை முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடுகிறேன். ஊறவைப்பதில் பயனில்லை, ஏனெனில் அந்த நீர் முழுவதும் ஆவியாகி வெளியேறும் வரை மரம் புகையத் தொடங்காது.

துளையிட்ட எஃகுக் குழாயில் பெல்லட்டுகளை (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை) நிரப்பி ஒரு முனையில் கொளுத்திவிடுவது இரண்டாவது வழி. சுமார் 30 சென்டிமீட்டர் குழாய் நான்கு மணி நேரம் அளவுக்குத் தானே கனன்றுகொண்டிருக்கும். சுருள் அணைந்தாலும் புகை நிற்காது. அதற்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதால், மேல்துவாரத்தை முழுவதும் திறந்து, சில்லுத்தட்டைச் சற்றே வெளியே இழுத்து வைக்க வேண்டும். டர்பனின் கோடைக்கால ஈரத்தில் பெல்லட் உப்பி உதிர்ந்துவிடும். காற்றுப்புகாத டப்பா இல்லாதவர்களுக்குக் குழாய் பாதியில் அணைந்து ஏமாற்றம் தரும்.

மூன்றாவது, அழுத்திச் செய்த மரவில்லைகளைத் தானே தள்ளும் பிராட்லி நிறுவனத்தின் ஸ்மோக்கர் வகை. 20 நிமிடத்துக்கு ஒரு வில்லை. வெந்த வில்லை சாம்பலாகும் முன்பே தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்துவிடும். புகைக்கும் சூட்டுக்கும் தனித்தனிச் சுருள்கள். புகையின் தரத்தில் இதற்கு நிகரில்லை. நம் தோட்டத்துக் கொய்யாவுக்கு அதில் இடமில்லை என்பதே என் குறை. ஒவ்வொரு முறையும் வில்லை வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த மூன்றில் எதை எடுத்தாலும் எட்டு மணி நேரமும் புகை தேவையில்லை. இறைச்சியின் மேற்பரப்பு குளிர்ந்து ஈரமாக இருக்கும்போதே புகை நன்றாகப் பிடிக்கிறது; முதல் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு வெப்பம் மட்டும் போதும். வில்லை என்றால் 12, குழாய் என்றால் ஒரு நிரப்பல்.

மின்வெட்டு மிகுந்திருந்த 2023-இல் நான் குழாய்க்கு மாறினேன். மின்சாரம் போனால் தட்டு முறையில் சூடும் புகையும் ஒருசேர நிற்கும். குழாயில் புகையாவது தொடரும். ஆனால் அந்தச் சிறு கனல் இறைச்சியை வேகவைக்காது. தொடக்க மணிகளிலேயே மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் வராவிட்டால், புகை வந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக் காத்திருக்காமல், சப்பையை எடுத்து எரிவாயு அடுப்பின் ஓவனுக்கு மாற்றிவிட வேண்டும்.