கோ-பேக்கேஜ்டு ஆப்டிக்ஸ் ஸ்விட்ச்: ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில்

சிப்பின் பக்கத்திலேயே ஆப்டிகல் இன்ஜினை (மின் சிக்னலை ஒளியாக மாற்றும் பகுதி) உட்காரவைத்த டேட்டா சென்டர் ஸ்விட்சுகளை எங்கள் சோதனை ரேக்கில் ஒரு வருடத்துக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். யாருடைய பெட்டி என்பது இங்கே வேண்டாம், நொடிக்கு 51.2 டெராபிட் ரகம். பக்கத்திலேயே, போர்ட்டில் கழற்றி மாட்டும் 800ஜி (நொடிக்கு 800 ஜிகாபிட்) பிளக்கபிள் ஆப்டிகல் மாட்யூல் போட்ட பெட்டிகளும் ஓடுவதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கிறது.

எல்லாரும் முதலில் கேட்பது மின்சாரம். பிளக்கபிளில் சிப்பிலிருந்து முன்பக்கப் போர்ட் வரை சிக்னல் செம்பில்தான் போகிறது. லேனுக்கு (ஒரு சிக்னல் தடத்துக்கு) 100, 200 ஜிகாபிட் என்று வேகம் ஏற ஏற, அந்தச் சில அங்குலத்துக்குள்ளேயே அது தேய்ந்துவிடுகிறது. ஆப்டிக்ஸைச் சிப்பின் பக்கத்துக்கே கொண்டுவந்தால் இந்த இழப்பு சுமார் 22 டெசிபெல்லிலிருந்து 4க்கு இறங்கும் என்பது என்விடியா தரும் கணக்கு. தேய்ந்ததைச் சரிக்கட்டத்தான் மாட்யூலுக்குள் டிஎஸ்பி என்ற சிக்னல் திருத்தும் சிப்பை வைக்கிறார்கள். ஒரு 800ஜி மாட்யூல் 15 வாட் பக்கம் தின்கிறது, 64 போர்ட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட். புதிய பெட்டியில் அந்த டிஎஸ்பியே இல்லை. மீட்டரில் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் விளம்பரத்தில் வரும் 'மூன்றரை மடங்கு மின்சிக்கனம்' எல்லாம் ஆப்டிக்ஸுக்கு மட்டும்தான். ஸ்விட்ச் சிப் தின்பதை யாரும் குறைத்துவிடவில்லை, மொத்தப் பெட்டிக்கு வரும் மிச்சம் அதைவிடச் சிறியது.

எனக்குப் பெரிய லாபமாகப் பட்டது வேறு: லிங்க் ஃபிளாப், அதாவது இணைப்பு திடீரென அறுந்து மறுபடி வருவது, அநேகமாக நின்றுபோனது. ஏஐ பயிற்சி ஓடும்போது ஒரு லிங்க் கண்சிமிட்டினால்கூட மொத்த ஜாபும் தடுமாறும். கோ-பேக்கேஜ்டு ரகமான பெய்லி ஸ்விட்சுகளை மெட்டா 400ஜி போர்ட் கணக்கில் கூட்டி 10 லட்சம் மணி நேரம் ஃபிளாப் இல்லாமல் ஓட்டியதாக 2025இல் பிராட்காம் அறிவித்தபோது, நம்பச் சிரமமாக இல்லை. பிளக்கபிளில் பாதித் தொல்லை மாட்யூலைக் கழற்றி மாட்டுவதாலேயே வருகிறது. இங்கே போர்ட்டில் கழற்ற ஒன்றுமில்லை.

தலைவலியும் அங்கேதான். சிலிக்கான் சரியாக ஒளி உமிழாது, லேசருக்கு இண்டியம் பாஸ்பைடு வேண்டும். அந்த லேசருக்குச் சூடு ஆகாது. அதனால் லேசரை மட்டும் தனி மாட்யூலாக முன்பக்கம் வைத்து, ஃபைபர் வழியாக உள்ளே ஒளி கொடுக்கிறார்கள். இதற்கு ஓஐஎஃப் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு 2023இல் ஒரு வடிவத் தரமும் வகுத்தது. எங்களிடம் ஒரு லேசர் மாட்யூல் செத்தபோது மாற்ற சில நிமிடம்தான் ஆனது. ஆனால் ஒரே லேசர் பல போர்ட்டுக்கு ஒளி தருவதால் அத்தனையும் சேர்ந்து விழுந்தன. இன்னொரு முறை ஆப்டிகல் இன்ஜினிலேயே ஒரு லேன் பழுது. பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்தோம். பிளக்கபிள் என்றால் ஸ்பேர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்போம்.

சுத்தம் செய்யும் பழக்கம் இன்னும் கண்டிப்பானது. லேசர் பக்க ஃபைபரில் சக்தி அதிகம். முனையில் தூசி இருந்தால் கருகிவிடும். முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் பார்க்காமல் எதையும் மாட்டக்கூடாது. ஒளி அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஒளி வரும் முனைக்கு நேரே குனியவும் கூடாது. 'ஒரு போர்ட், ஒரு மாட்யூல்' என்று எழுதியிருந்த கண்காணிப்பு ஸ்கிரிப்டுகளையும் திருத்த வேண்டியிருந்தது.

எங்கே போடலாம்? ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்பைன் அடுக்கில் தாராளமாக. அங்கே தூரமும் ஃபைபர் வகையும் ஒரே மாதிரி. சர்வர்களை நேரே இணைக்கும் லீஃப் அடுக்கில் நான் போடமாட்டேன். சர்வருக்குச் செம்புக் கேபிள், அடுத்த அறைக்கு எஃப்ஆர்4 ரக ஆப்டிகல் மாட்யூல் என்று கலந்து கட்டும் இடம் அது. கோ-பேக்கேஜ்டில் உள்ளே என்ன வைத்தார்களோ அதுதான். மின்சாரம் மட்டுமே கவலை என்றால் டிஎஸ்பி இல்லாத லீனியர் பிளக்கபிளை முதலில் முயன்று பார்க்கலாம்.

அடுத்து 102.4 டெராபிட் பெட்டிகளுக்கு விலை கேட்கப்போகிறோம். விற்பவரிடம் என் முதல் கேள்வி வாட் பற்றி இருக்காது. ஆப்டிகல் இன்ஜினைத் தளத்திலேயே மாற்ற முடியுமா, ஒரு லேசர் போனால் எத்தனை போர்ட் விழும், ஸ்பேர் எங்கள் ஊரில் கையிருப்பில் இருக்குமா என்பதைத்தான் கேட்பேன்.